ஏணி இல்லாத படம்

மஞ்சள் கவுன் போட்ட அந்தச் சிறுமிக்குப் புத்தகத்தில் பெயர் கிடையாது. பெயர் என்ன, அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. சிறுமி, கோழி, பலாமரம், மேகம், பன்னிரண்டு பக்கம், அவ்வளவுதான். படத்தைப் பார்த்துக் கதையைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். திங்கட்கிழமை விஜயன் அவளைத் தொட்டுக் காட்டி, "இது அலமு" என்றான். யாராவது பேசிக் கேட்டிருப்பான் என்று அங்கன்வாடி டீச்சர் ஷீலா தன்னைத் தேற்றிக்கொண்டாள். கச்சால் தீவில் செத்தவர்கள் பெயருக்கா பஞ்சம். செவ்வாயன்று மூன்று பேர் அலமு என்றார்கள். புதன்கிழமை ஏழு பேரும்.

அந்த ஏழில் ஒருவருக்கும் ஐந்து வயது ஆகவில்லை. அலமு சுனாமியில் போய் ஐந்தரை வருஷம் ஆகிறது.

புத்தகங்கள் போன மாதக் கப்பலில் வந்தவை. அதற்கென்று போர்ட் பிளேரில் மூன்று நாள் டிரெய்னிங் வேறு. பிள்ளை சொல்வதைத் திருத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, "அடுத்து?" என்று மட்டும் கேட்க வேண்டும், சொன்னதைச் சொன்னபடி நோட்டில் எழுத வேண்டும். அப்படிச் செய்தால்தான் கற்பனை வளருமாம். ஷீலா எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்தாள். எதையும் ஒழுங்காகச் செய்கிறவள், பாவம்.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமைப்பவள் மருதாயி, அங்கன்வாடியின் ஹெல்பர். அலமுவைப் பெற்றவள். சுனாமி வந்த அன்று விடிகாலையில் மேட்டுத் தோட்டத்துக்கு ரப்பர் பால் வெட்டப் போகும்போது, பிள்ளையை ஷீலா வீட்டில்தான் விட்டுப் போனாள். 'கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஓடினேன், அலை பிடுங்கிட்டுப் போயிருச்சு' என்று ஷீலா சொன்னதை அப்படியே நம்பினாள். கேம்ப்பில் ஷீலாவுக்குக் காய்ச்சல் கண்டபோது மடியில் கிடத்திக் கஞ்சி ஊட்டினாள். பிறகு பிறந்த சுதாவையும் அவள் கையிலேயே கொடுத்தாள். 'எம் பிள்ளைக்காக உசிரைக் குடுக்கப் பாத்தவ' என்று நாலு பேர் முன்னால் சொல்வாள். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் ஷீலா இத்தனை காலம் சாப்பிட்டாள், தூங்கினாள், ஊருக்குள் தலை நிமிர்ந்து நடந்தாள். அது போனால் அவளுக்கு இந்தத் தீவில் நிற்க இடமில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. தகரக் கூரைமேல் அது ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது, ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் பாசி பிடித்த தொட்டித் தண்ணீரைப் போல மங்கிக் கிடந்தது, அடிப்பிடித்த கிச்சடி வாசனையோடு எங்கிருந்தோ உப்பும் சேறும் கலந்த ஒரு நாற்றமும் வந்து அறையில் தங்கிக்கொண்டது. கடல் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே. புதுக் குடியிருப்பை மேட்டில் கட்டியதே அந்த நாற்றம் வராமல் இருக்கத்தான். ஷீலா புத்தகத்தை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு விளையாட்டு மரக்கட்டைகளை எடுத்துப் போட்டாள்.

"புக்கு இன்னிக்கு பந்த்தா டீச்சர், எடுக்கலையா?" என்றாள் மருதாயி உள்ளேயிருந்து.

"மழையில நனைஞ்சிரும் மருதாயி."

கட்டைகளை யாரும் தொடவில்லை. ஏழு பேரும் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் சுதா. அவள் மடியில் ஒன்றும் இல்லை. விரலில் எச்சில் தொட்டு, அந்த ஒன்றுமில்லாததைப் புரட்டினாள்.

"அலமு தூங்கிக்கிட்டிருந்தா. தரை ஆடுச்சு."

"சுதா, எந்திரி. விளையாடு."

"கடல் உள்ள போயிருச்சு" என்றான் விஜயன், அந்த மடியைப் பார்த்தபடி. "அப்புறம் வந்துச்சு."

சுதா இன்னொரு பக்கத்தைப் புரட்டினாள். தாள் சரசரத்தது. மழைச் சத்தத்தையும் மீறி அது ஷீலாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

"தண்ணி டேங்க். இது ஏணி."

புத்தகத்தில் ஏணி இல்லை. பன்னிரண்டு பக்கத்தையும் ஷீலா மனப்பாடமாக அறிவாள். அதில் எங்கும் ஏணி இல்லை.

"அடுத்து?"

கேட்டது அவளேதான். மூன்று வாரப் பழக்கம். வாயைப் பொத்துவதற்குள் வந்துவிட்டது.

"டீச்சர் மேல ஏறினாங்க. அலமு டீச்சர் காலைப் பிடிச்சா."

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"அடுத்து?" இப்போது கேட்டவள் மருதாயி. தடுப்பருகே வந்து நின்றிருந்தாள். கையில் கரண்டி. அதிலிருந்து கிச்சடி சொட்டியது.

"டீச்சர் உதைச்சாங்க."

"பிள்ளைங்க என்னமோ கற்பனை பண்ணுதுங்க மருதாயி. இந்தப் புக்கு அப்படி. ஆளுக்கொரு கதை—"

"எத்தனை தடவை?" மருதாயி அவளைப் பார்க்கவில்லை. மகளைத்தான் கேட்டாள்.

சுதா குனிந்து விரலால் எண்ணினாள். "மூணு."

மூன்று. உலகத்தில் ஷீலா ஒருத்திக்கு மட்டும் தெரிந்த கணக்கு. முதல் உதைக்குப் பிடி தளரவில்லை. இரண்டாவதுக்கும். ஏணி ஆடியது, ஷீலாவுக்குச் சாகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடி ஐந்தரை வருஷமும் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் எழுந்தாள். கதவு நாலு எட்டில் இருந்தது. மருதாயி தடுக்கவில்லை. அவள் ஷீலாவின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு எட்டு.

கணுக்காலில் ஒரு கை. சின்னக் கை. ஜில்லென்று. சொட்டச் சொட்ட நனைந்து.

ஷீலா உதைத்தாள்.

நினைக்கவில்லை. கால் தானாகச் செய்தது. பிடி விடவில்லை. மறுபடியும். மறுபடியும்.

சிமெண்டுத் தரையில் மண்டை மோதும் சத்தம்.

யாரும் அழவில்லை. மருதாயி மகளை நோக்கி இரண்டு எட்டு ஓடிவந்தாள். அப்படியே நின்றாள். அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

காலடியிலிருந்து சுதாவின் குரல் வந்தது. அழுகை இல்லை, வலி இல்லை. கதை சொல்கிற குரல்.

"அப்புறம் டீச்சர் கீழ பாத்தாங்க."

அன்று அவள் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறிவிட்டாள். பார்க்காமல் போனதுதான் தான் செய்த புண்ணியம் என்று இருந்தாள்.

பார்த்தாள்.

தரை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு ஈரமில்லை. அதில் மல்லாந்து கிடந்த சுதாவின் பின்னல் அவிழ்ந்திருந்தது. கூந்தல் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி, மெதுவாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்துகொண்டிருந்தது.