முனை பிடித்தவன்

குழிக்குள்ளிருந்து துணி கிழிபடும் சத்தம் வந்தது. ஓமான் நாட்டுச் சலாலாவின் பழைய துறைமுக மேட்டில் ஞானையா ஐந்து மாதமாக அகழாய்வுக்கு மண் தோண்டுகிறான். உடைந்த ஓடும் சிப்பியும் கல்லும் தவிர எதுவும் அகப்பட்டதில்லை, அங்கே துணி ஏது? எழுபத்தேழாம் வருடத்துக் கரீப் பருவத்து மழைமூட்டம் கடலிலிருந்து ஏறி, பட்டப்பகலிலேயே பக்கத்து ஆளின் முகம் தெரியாதபடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, நனைந்த சாக்கைப் போல நாறியது.

முந்தின நாள்தான் அந்தக் குழியில் தமிழ் எழுத்துள்ள கல் கிடைத்தது. சர்வேயர் பத்மநாபன் விரலால் தடவித் தடவிப் படித்தார். எழுநூறு வருடத்துக்கு முன் இந்தக் கரையில் துணி விற்ற வணிகர் சபையின் கல்லாம். சபைக்கென்று தனி நீதிமன்றம் இருந்ததாம். முறையிடுகிறவன் கல்லில் கைவைத்துச் சொல்ல வேண்டுமாம்.

"துணியை அளவுல குறைச்சா, வெட்டினவனுக்கும் முனை பிடிச்சவனுக்கும் ஒரே தீர்ப்பு. என்ன தீர்ப்புங்கிற இடம் உடைஞ்சு போச்சு" என்றார்.

ஞானையாவின் காதில் வெட்டினவன் என்ற சொல் மட்டுமே நின்றது. போன வாரம் அவனுடைய ரூம்காரன் பத்திநாதன் மண் சரிந்து செத்தான். உடலைச் சுற்ற வெள்ளைத்துணி அளந்து வெட்டியது ஸ்டோர்கீப்பர் கோபாலசாமி. மறுமுனையைப் பிடித்து நின்றது ஞானையா. துணி கணுக்கால் வரைதான் வந்தது.

"இன்னும் ரெண்டு முழம் வேணும் சார்."

"செத்தவன் எங்கவே நடக்கப் போறான்? கலாஸ், முடிஞ்சுது, தூக்கு."

மீதித் துணி ஸ்டோர் ஜன்னலில் திரையாகத் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் புதைகுழிக்குள் இறக்கிய அந்த இரண்டு வெறும் பாதங்கள் கண்ணில் வந்து நிற்கும். அதனால்தான் நேற்று எல்லோரும் போனபின் கல்லில் உள்ளங்கையை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். தான் முனை பிடித்ததையும் சொன்னான்.

குழிக்குள் மறுபடியும் துணி கிழிந்தது. நிதானமாக. அளந்து கிழிக்கிற மாதிரி.

காலையிலிருந்து கோபாலசாமியைக் காணோம் என்று கேம்பில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் திரையும் இல்லை.

ஞானையா ஏணியில் இறங்கினான்.

கல்லின் மேல் கோபாலசாமி மல்லாந்து கிடந்தான். மேலே அந்தத் திரைத்துணி. நெஞ்சு ஏறி இறங்கியது, கண் திறந்திருந்தது. துணி கணுக்காலோடு நின்றது. அதற்குப் பிறகு கால் இல்லை. ரத்தமும் இல்லை. துணி ஓரத்தை மடித்துத் தைத்தது போல, சதை மடிந்திருந்தது.

திரும்பினான். ஏணி இல்லை. வெறும் மூட்டம். அதற்குள் சபை கூடியது போல வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்களின் மூச்சு. பழைய பருத்தி வாசனை.

கையில் ஏதோ ஈரம். வெள்ளைத்துணியின் முனை. எப்போது பிடித்தான்?

விரல் விரியவில்லை.

மறுமுனையில் யாரோ முழம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

கடைசி முழம் அவன் கணுக்காலில் வந்து நின்றது.