பெரிய திரையில் லவோன்

லவோனுக்கு முகம் இல்லை.

தலையில் கம்பளித் தொப்பி இருந்தது, கழுத்தில் சிவப்பு மஃப்ளர் இருந்தது, பின்னால் உறைந்த ஏரிகூட இருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் குளியலறைக்கு ஓடு பதித்ததுபோல வெளிறிய கட்டங்கள். அவள் தலையைத் திருப்பியபோது அவை ஒரு கணம் தயங்கி, வேண்டாவெறுப்பாக அவளைத் தொடர்ந்தன.

பேஸ்மென்ட் சோபாவில் ஆர்வில் ஸ்டென்சன் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். போன வசந்தத்தில் இறந்த மனைவி லவோனின் முகத்தை ஆள் உயரத்துக்குப் பார்க்கத்தான் இந்த ஹெச்டி டிவியையே வாங்கினார். டிவி விஷயத்தில் டுலூத் நகரத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். அதை வேறு யாரும் பகிர்ந்துகொண்டதில்லை.

பனியால் ஊருக்குத் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட மகள் ஜனெல், படிக்கட்டில் பாதி இறங்கி எட்டிப் பார்த்தாள்.

"டிவியில கோளாறு. அந்தக் கடைக்காரன உண்டு இல்லன்னு பண்ணிடறேன்" என்றார்.

"டிவி நல்லாத்தான் இருக்குப்பா. எட்டு மணி நேர வீடியோவ ஒரே டிவிடியில அமுக்கினது யாரு? இடம் பத்தாம அது பாதிப் படத்தத் தூக்கிப் போட்டிருக்கு. பழைய குட்டி டிவியில தெரியல. இதுல ஊதிப் பெருசாக்கினதும் வண்டவாளம் வெளிய வருது."

"ஒரே டிவிடியில மொத்தக் குடும்பம்! உங்க அத்தை கைதட்டினா, தெரியுமா?"

"நடுவுல தூங்கிட்டு, முழிச்சதும் தட்டினாங்க. சரி, அதெல்லாம் முதல்ல எடுத்த பழைய வீடியோ டேப்பெல்லாம் எங்க?"

அவர் ரிமோட்டின் பொத்தான்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். இடத்தை அடைக்கிறதென்று எல்லாவற்றையும் எப்போதோ குப்பையில் போட்டாயிற்று.

"போச்சு, அம்மா இனி இவ்வளவுதான்." அவள் குரல் இறங்கியது. "இல்லாதத எந்த டிவியும் காட்டாதுப்பா. பக்கத்துல இருக்கறத வெச்சு இட்டு நிரப்பும். மேல வாங்க, சாப்பிட ஹாட்டிஷ் செஞ்சு வெச்சிருக்கேன், ஆறுது."

மேலே கதவு சாத்திக்கொண்டது. நிரப்பட்டுமே என்று நினைத்த ஆர்வில், டிவியின் மெனுவைத் திறந்து படத்தின் கூர்மையை ஏற்றினார்.

கம்பளத்தின் ஈர வாடையும், சமையலறையிலிருந்து இறங்கிவந்த வெங்காய மணமும், மூலையில் ஹீட்டர் பெருமூச்சு விடும் ஓசையும் சூழ, அவர் அழுத்த அழுத்த, கட்டங்கள் நடுங்கி ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, முதலில் ஒரு புருவம் வந்தது, மயிர் மயிராக. ஆர்விலுக்குக் கண் நிறைந்தது. இன்னும் ஏற்றினார். கண் வந்தது. ஈரமான, உயிருள்ள கண்.

வெங்காய மணம் நின்றுபோயிருந்தது.

ஹீட்டரும் ஓய்ந்திருந்தது. சுவர்ப் பலகையைப் பார்த்தார். மரத்தின் ரேகைகளைக் காணோம். சோபாவின் பூத்துணி வெறும் பழுப்பாகியிருந்தது. அணைத்துவிடலாம் என்று ரிமோட்டைத் தடவினார். பொத்தான்கள் இல்லை. வழவழப்பான கறுப்புக் கட்டி.

எழுந்து ஓடினார். படிகள் இல்லை, ஒரே சரிவு. ஏறினார். சறுக்கினார். தவழ்ந்து ஏறினார். கதவு இருந்த இடத்தில் பழுப்புச் சதுரம். பிடி இல்லை. இடுக்கில்லை.

ஓங்கி அடித்தார். சத்தமே இல்லை. அடித்த கையில் விரல்கள் ஒட்டிப்போயிருந்தன.

"அப்... வா... ஆறு..." அந்தப் பக்கம் ஜனெல். துண்டு துண்டாக.

திரும்பினார். திரையில் லவோன் இப்போது முழுதாக இருந்தாள். கன்னத்தில் மயிர்க்கால்கள்கூடத் தெரிந்தன. அவள் காமிராவைப் பார்க்கவில்லை, படிக்கட்டைப் பார்த்தாள். மேலுதட்டில், காலையில் சவரம் செய்யும்போது அவர் வெட்டிக்கொண்ட கீறல்.

ஆர்வில் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார்.

வாய் இருந்த இடம் மழமழவென்று இருந்தது.

லவோன் உதடு பிரித்தாள். வந்தது அவர் குரல்.

"ஜனெல், கதவத் தொறம்மா. நான் மேல வரேன்."

கதவுக்கு அப்பால் காலடிகள் நெருங்கின.