எட்டாவது அண்டைக்காரர்

நல்ல அண்டைக்காரர் ஒருவரின் விலை அன்று காலை மூன்றரைக் காசு. மாலைக்குள் ஏறும் என்றது சந்தை நிலவரம்.

சந்திரப்பேட்டையின் பருப்பு மொத்த வியாபாரி தங்கக்கனி அந்த விலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். துறையில் சரக்குக்கலம் நின்றது. அதன் வயிற்றில் அவளுக்கென்று நாற்பது மூட்டை உளுந்து. ஆறு மணிக்குள் பணம் சேராவிட்டால் உளுந்து பூமிக்கே திரும்பிவிடும். வருகிற தீபாவளிக்கு நிலாவில் இட்லி கிடையாது. பேட்டையில் பாதிப் பேர் அவளிடம் முன்பணம் கொடுத்திருந்தார்கள். இன்னொரு வருடம் அவள் அங்கே கடை வைக்க முடியுமா என்பது அந்த உளுந்தில்தான் இருந்தது.

கலத்துக்காரர்கள் வாங்குவது கூட்டுக்காசு மட்டும். வங்கி இல்லை, அதிகாரி இல்லை, தரகர் இல்லவே இல்லை என்பது அந்தக் காசின் பெருமை. நீங்கள் காசு கொடுத்தால் எட்டு அண்டைக்காரர்களின் கணுப்பெட்டிகள், அதாவது கணக்கு வைக்கும் பெட்டிகள், அதைக் கேட்டு, ‘ஆமாம், கொடுத்தாயிற்று’ என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டும். அண்டை என்றால் பக்கத்து வீடு இல்லை. எங்கோ கிடக்கும் முகம் தெரியாத பெட்டி, பெயருக்குப் பதில் ஓர் எண். ஏழு பேரை நாம் தேடிப் போகலாம். எட்டாமவர் நம்மைத் தேடி வர வேண்டும். கதவைத் தட்ட ஆளில்லாத கடை கடையே இல்லை என்பது காசைப் படைத்தவர்களின் கொள்கை.

தங்கக்கனிக்கு ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். எட்டாமவரிடம்தான் இடித்தது. பேட்டை நிர்வாகம் கடைக்குக் கடை காவல்சுவர் வைத்திருந்தது. கல்லால் கட்டியதில்லை, கம்பியில் உட்கார்ந்திருக்கும் கணினி நிரல். உள்ளிருந்து போகிறவரை விடும். வெளியிலிருந்து தானாக வருகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பும். அதற்கும் ஒரு சிறு இரக்கம் உண்டு. நாம் ஒருவரைத் தட்டினால், பதில் வரட்டுமே என்று அவருக்காக மூன்று விநாடி கதவைத் திறந்து வைக்கும்.

அந்த மூன்று விநாடியில் பிழைத்தது பூமியிலிருந்த ஒரு தரகுப்பெட்டி. சுவருக்குள் மாட்டிய இரண்டு பேரை அது சேர்த்துவைக்கும். இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் தட்டினால், இரண்டு சுவர்களும் வருகிற தட்டைப் பதில் என்று நம்பி உள்ளே விட்டுவிடும். ஆனால் பேட்டையில் யாரைத் தட்டினாலும் அந்தத் தட்டு பூமிக்குப் போய்த்தான் திரும்பும். அதற்கே இரண்டரை விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒருவர் அரை விநாடி பிந்தினாலும் காரியம் கெட்டது.

தங்கக்கனிக்கு வாய்த்தவரின் எண் நாலாயிரத்து நூற்றேழு. ஐந்து பத்துக்குத் தட்டுங்கள் என்று தரகுப்பெட்டி நேரம் குறித்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி குறித்தது. மறுபடியும் இல்லை.

காரணம் இதுதான்: கூட்டுக்காசில் முதலில் தட்டுகிறவர்தான் வாங்குகிறவர். அண்டை விலை அவர் தலையில் விழும். தங்கக்கனியின் குடும்பத்தில் முதலில் வாய் திறந்து லாபம் பார்த்தவர் எவரும் கிடையாது. அவள் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு, எதிராளி தட்டட்டும் என்று குறித்த நேரம் போகும்வரை பொறுப்பாள். எதிராளியும் அதே பால் குடித்து வளர்ந்தவர் போலிருந்தது.

மணி ஐந்தரையைத் தாண்டியபோது எதிர்க்கடையிலிருந்து சந்தைக் கூடமே அதிர ஒரு குரல் கேட்டது.

“தட்டித் தொலையேன்டா மூதேவி! நான்தான் முதல்ல தட்டணுமோ? என்னையக் கேனயன்னு நெனச்சியா?”

எண்ணெய் வியாபாரி பால்வண்ணன் தன் கணுப்பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தார். நடைபாதையில் பீப்பாய் வைத்த தகராறில் இரண்டு கடைக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை.

தங்கக்கனி வாசலுக்கு வந்தாள். “அண்ணாச்சி, உங்க நம்பரு நாலாயிரத்து நூத்தியேழா?”

அவர் வாய் பிளந்தது. “அடிப்பாவி, நீதானா தாயி? அதான பாத்தேன்! இம்புட்டு நெஞ்சழுத்தம் பூமியில எவனுக்கு இருக்கு?”

“உங்களுக்கு மட்டும் கொறச்சலா? சரி, கலம் கெளம்பப் போகுது. நீங்க தட்டுங்க, பின்னாலயே நானும் தட்டிர்றேன்.”

“ஆகா! எங்கப்பன் மாட்டுத் தரகு பாத்தவரு. இந்தப் பசப்பு என்கிட்ட வேகாது.”

“அப்ப உங்க எண்ணெயும் என் உளுந்தோட ஜோடியா ஊருக்குப் போகட்டும்.”

பால்வண்ணன் துறையின் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை உருவினார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் கையைப் பிடித்து விரலால்தான் விலை பேசுவார்கள். யார் முதலில் சொன்னார் என்று சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது.

“உன் பெட்டியக் கொண்டா தாயி.”

கூடத்தின் நடுவில் இருவரும் நின்றார்கள். இரண்டு பெட்டிகளையும் பொத்தானோடு பொத்தான் முட்டும்படி சேர்த்து, மேலே துண்டைப் போட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் கை.

“அமுக்குங்க அண்ணாச்சி.”

“நீ அமுக்கு.”

யார் அமுக்கியது என்று இன்றுவரை வழக்கு. எந்தப் பக்கம் அமுக்கினாலும் இரண்டு பொத்தானும் ஒன்றாகத்தான் அமுங்கும். இரண்டு தட்டுகளும் பூமிவரை போய்த் திரும்பி வந்து, ஒரு முழத் துண்டுக்கடியில் ஒன்றையொன்று சந்தித்தன. பெட்டிகள் இரண்டும் கீச்சென்றன. பணம் கலத்துக்குப் போய்ச் சேர, உளுந்து இறங்கியது, பின்னாலேயே எண்ணெயும் உருண்டு வந்தது.

ஒரே கணத்தில் இருவர் தட்டினால் யார் வாங்குகிறவர் என்று காசைப் படைத்தவர்கள் யோசித்திருக்கவில்லை. இருவரையுமே வாங்கியவர்களாக எழுதிக்கொண்டது காசு. அண்டை விலையும் அதற்குள் ஐந்துக்கு ஏறியிருந்தது. இரவில் தரகுப்பெட்டி அனுப்பிய கணக்கு இப்படி:

தங்கக்கனி பால்வண்ணனுக்குத் தர வேண்டியது, அண்டையான வகையில் ஐந்து காசு. பால்வண்ணன் தங்கக்கனிக்குத் தர வேண்டியது, அதே வகையில் ஐந்து. நேருக்கு நேர் கழிந்தது.

தரகரில்லாக் காசுக்குத் தரகு, ஆளுக்கு இரண்டு. அண்டைக்கும் அண்டைக்கும் இடையே எட்டு லட்சம் கிலோமீட்டர் என்று தூரக்கூலி, ஆளுக்கு ஒன்று. பற்று வைத்தாயிற்று.

அதன் கீழே பால்வண்ணன் தன் பங்குக்குச் சேர்த்தது: துண்டு வாடகை, கால் காசு. தங்கக்கனி இன்னும் கொடுக்கவில்லை.