ஏழாவது நோயாளி

வியாழக்கிழமை காலை ஹலீமின் வீட்டுக்கு வந்த டொக்டர் ஆரபி, கதிரையில் உட்காரும் முன்பே கதவைத் தாழிடச் சொன்னார்.

ஹலீம் தாழிட்டார். பத்திரிகைக் கந்தோரில் முப்பது வருடம் அச்சுப்பிழை திருத்தியவர் அவர். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிக் குடியேறியபின், மொட்டைக் கடிதம் வந்தவர்கள் அவரைத் தேடி வருவது வழக்கமாகியிருந்தது. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி தபால் கந்தோரில் வேலை செய்பவர். கடிதம் என்றதும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"என்னை ஆரோ கொல்லப்போகினம், நானா," என்று ஹலீமிடம் சொன்னார் ஆரபி.

அவர் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை ஆய்வாளர். மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் குளிசைகளால் சிலருக்கு நீரிழிவு வருவதைப் பற்றி முப்பத்தொரு கட்டுரைகள் வெளியிட்டவர். மூன்று செவ்வாய்க்கிழமைகளாக, கிளினிக் முடிந்து வரும்போது காரின் கண்ணாடியில் ஒரு தாள் செருகப்பட்டிருந்தது.

முதல் தாள் இணையத்திலிருந்து எடுத்த அவருடைய கட்டுரைப் பட்டியல். ஒரு கட்டுரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இரண்டாவது: "ஏழாவது ஆளைக் கொன்றது உங்கடை குளிசை. சீனி வருத்தத்திலை துவங்கி மரணத்திலை முடியும்." மூன்றாவதில் ஒரே வரி: "இந்தச் செவ்வாயோடை நிப்பாட்டுவன்."

ஆரபி தாள்களை மேசையில் வைத்தார். "செவ்வாய் போயிட்டுது. றோட்டிலை பின்னாலை ஆர் வந்தாலும் நெஞ்சு இடிக்குது."

"பேராசிரியர் பதவிக்குப் போட்டி ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார் குணலட்சுமி.

"டொக்டர் றியாஸ்."

"அப்ப உவர்தான்."

ஹலீம் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து மெல்ல வாசித்தார். "டொக்டர், அந்தக் கட்டுரை என்ன சொல்லுது?"

"குளிசையாலை நீரிழிவு வந்த ஏழு பேரைப் பற்றினது. ஏழாவது ஆள் இறந்துபோனார்."

"என்னத்தாலை?"

"சைக்கிளிலை போகேக்கை லொறி அடிச்சது. அது ஆறாம் பக்கத்திலை இருக்கு."

"இணையத்திலை காசில்லாமல் வாசிக்கக்கூடியது?"

"சுருக்கம் மட்டும். அதிலை..." ஆரபி நிறுத்தினார். "அதிலை இறந்தார் எண்டு மட்டும்தான் எழுதினனான். சொல் கணக்குக்கு மேலை போயிட்டுது."

ஹலீம் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினது றியாஸ் இல்லை. டொக்டர்மார் நீரிழிவு எண்டு எழுதுவினம், சீனி வருத்தம் எண்டு எழுதாயினம். கொல்ல வாறவன் மரியாதையா உங்கடை எண்டு எழுதமாட்டான். கடைசி வரியைப் பாருங்கோ. எதை நிப்பாட்டுறது எண்டு இல்லை. உங்களை எண்டு நீங்கள் வாசிச்சியள், பயத்திலை. எழுதினவரும் பயத்திலைதான் எழுதியிருக்கிறார். நிப்பாட்டப்போறது தான் குடிக்கிற குளிசையை."

ஹலீம் தாள்களை மடித்துவைத்தார்.

"மற்ற ஆறு பேரும் செவ்வாய்க்கிழமையிலைதானே வாறவை? இந்தமுறை மருந்து எடுக்காதது ஆர்?"

ஆரபி கிளினிக் மருந்தகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பதிலைக் கேட்டதும் எழுந்து நின்றார். "செபஸ்தியம்மா. குருநகர். தம்பி குடுத்த சிறுநீரகம். ரெண்டு நாளாய்க் குளிசை இல்லையெண்டால்..."

காரை குணலட்சுமி ஓட்டினார். ஆரபியால் முடியவில்லை.

செபஸ்தியம்மா கட்டிலில் இருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. டொக்டரைக் கண்டதும் சுவரோடு ஒதுங்கினார். மகள் ஜெயனி அழுதாள். இங்கிலிஷில் இருந்த கட்டுரைச் சுருக்கத்தை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னது அவள்தான்.

"பொலிசுக்குக் குடுக்க வந்தனியளோ?" என்றார் செபஸ்தியம்மா.

"இல்லை அக்கா." ஆரபி நிலத்தில் உட்கார்ந்தார். லொறியைப் பற்றிச் சொன்னார். ஆறாம் பக்கத்தைப் பற்றியும் சொன்னார்.

"கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டால் நீங்கள் கோவிச்சுக்கொண்டு மருந்தைத் தராமல் விட்டிடுவியளோ எண்டு பயம். குடிச்சாலும் பயம்."

நிராகரிப்பு தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏழு நாள் ஊசியேற்றினார்கள். எட்டாம் நாள் இரத்தப் பரிசோதனையில் கழிவின் அளவு இறங்கத் தொடங்கியது. தம்பி கொடுத்த சிறுநீரகம் தப்பியது. சுருக்கத்தில் ஒரு வரி சேர்க்கும்படி சஞ்சிகைக்கு எழுதிய ஆரபி, அன்று பின்னேரமே ஹலீமின் வீட்டுக்கு வந்தார். கையில் மிகுதி முப்பது கட்டுரைகளின் சுருக்கங்கள்.

"எனக்கு இப்பதான் இன்னும் கூடப் பயமாயிருக்கு, நானா. நோயாளி ஒராள் வாசிக்கிற மாதிரி இதுகளை வாசியுங்கோ."

ஹலீம் பென்சிலைக் கூர்மையாக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது சுருக்கத்தின் இரண்டாம் வரியில், 'ஒருவர் இறந்தார்' என்ற இடத்தில் பென்சில் நின்றது.