எர்த் கொடுத்த குளியலறை

அஜேஷ் கை வைத்தபோது குழாய் சும்மா இருந்தது. ஸ்ரீகுமாரி வைத்தபோது விரல் நுனியில் சுர்ரென்றது.

"இப்பவும் சுர்ருன்னு தரிக்குதுலே," என்றாள்.

வயர்மேன் அஜேஷ் சலிக்காமல் மறுபடியும் மீட்டரை வைத்துப் பார்த்தான். குழாய், ஷவர், ஹீட்டர், சன்னல் கம்பி எல்லாவற்றையும் பச்சை வயரால் ஒன்றாகப் பிணைத்து, கிணற்றடியில் புதிதாகத் தோண்டிய எர்த் குழிக்குக் கொண்டுபோயிருந்தான். இரண்டு நாள் வேலை.

"பேடிக்காதீங்க சேச்சி. புது டிரிப்பரும் உண்டு, கரண்ட் கசிஞ்சா தானே அணைஞ்சிரும். இனி பச்சப்பிள்ளைய இதுக்குள்ள குளிப்பிச்சாலும் ஒண்ணும் வராது. கரண்ட் ஒண்ணும் இல்ல, உங்க மனசாக்கும்."

அவன் பைக் சத்தம் உதியன்குளங்கரைப் பக்கம் தேய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது.

பச்சைப்பிள்ளை வரத்தான் போகிறது. மகள் அனகாவுக்குக் காரக்கோணம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்து ஐந்து நாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். "எனக்கும் பிள்ளைக்கும் குளி அச்சன் கெட்டின வீட்டிலதான்" என்று ஒரே பிடிவாதம். பெற்றவள் குளிக்கப் புளியிலையும் ஆமணக்கிலையும் போட்ட வேது வெந்நீர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்க, அந்தக் கசந்த வாசனை வீடு முழுக்க நின்றது.

அனகாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஹீட்டரைப் போட்டால் டிரிப்பர் விழுந்து விழுந்து வீடே அணைந்துபோகிறது என்று, போன வருஷம் அதைக் கழற்றிவிட்டு நேரே கம்பி கொடுக்கச் சொன்னது ஸ்ரீகுமாரிதான். துருப்பிடித்த இரும்புப் பைப்பின் நடுவில் பிளம்பர் பிளாஸ்டிக் துண்டைச் சேர்த்ததில், குளியலறைக் குழாய்க்கு எர்த் அறுந்துபோனது ஒருவருக்கும் தெரியவில்லை. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவர், அனகாவின் அச்சன் மோகனன், காலையில் குளிக்கப் போனவர், வலது கையால் குழாயைப் பிடித்தபடி, பல் கிட்டி, உடம்பெல்லாம் துடிக்க நின்றார். விட முடியவில்லை. தொட்டால் தொட்டவரும் போவார் என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்தது. மெயின் எங்கே இருக்கிறது என்பது வரவில்லை. அவள் தொடவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு தடவை தொட்டிருக்கலாமே என்று ஒரு வருஷமாக அழுகிறாள்.

அது கரண்டா, தன் மனசா என்று பிள்ளை வருவதற்குள் தெரிந்தாக வேண்டும். மெயினை அணைத்தாள். ஃபேன் கிறுகிறுத்து நின்றது, பிரிட்ஜ் ஒரு முறை இருமி அடங்கியது, பிறகு அடுக்களைக் கூரையில் விழும் மழையும் வேது கொதிக்கும் சத்தமும் மட்டும் மிஞ்ச, பினாயிலும் ஈரச் சுவரும் மணக்கும் அந்தக் குளியலறை அரையிருட்டுக்குள், சுவரைத் தடவித் தடவிப் போய் நின்றாள்.

குழாயைத் தொட்டாள்.

சுர்ரென்றது.

வீட்டில் கரண்டே இல்லை. குழாயின்மேல் வேறு ஏதோ நடுங்கியது. ஈரமாக. குளிர்ந்து. இறுகி. தடவிப் பார்த்தாள். ஒரு விரல். இன்னொன்று. நகம். கல்யாண மோதிரம்.

இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார். அன்றைய கரண்ட் அவரை விட்டுப் போகவே இல்லை. ஒரு வருஷமாக இதே இடத்தில், விட முடியாமல், துடித்துக்கொண்டு நிற்கிறார்.

அவளுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. பயம்கூட அப்புறம்தான் வந்தது. "போதும், விட்டிருங்க... நான் வந்தாச்சு, விட்டிருங்க," என்று அழுதுகொண்டே, கண்ணுக்குத் தெரியாத விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மோதிர விரல்.

அந்தக் கை குழாயை விட்டது.

அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

பல் கிட்டியது. முழங்கை இறுகியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் மட்டும் திறந்திருந்தது.

முற்றத்தில் கார் வந்து நின்றது.

"அம்மா, எங்க நிக்கிய? கரண்ட் இல்லியா?"

பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி அனகா குளியலறை வாசலுக்கு வந்தாள். வராதே மக்கா. தொடாதே. சொல்லத்தான் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

"அம்மா? என்ன செய்யுது?"

அனகா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஒரு கையில் குழந்தையை அணைத்து, மறு கையை நீட்டி, ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடிவந்தாள். விரல்கள் ஸ்ரீகுமாரியின் முதுகில் பட்டன. பட்ட இடத்திலேயே இறுகின.

அதுவரை சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை, சிணுங்கலை நிறுத்தி, பிஞ்சு விரல்கள் இறுக, கண்ணை அகலத் திறந்தது.