மெலிந்ததற்கு மூன்று சாட்சிகள்

மார்கழி நெருங்கினால், நிலவுக் குடியிருப்பில் ஊருக்குப் போகிறவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். மூன்று மாதமாக முடி வெட்டியிருக்க மாட்டார்கள். நகமும் வளர்ந்திருக்கும். நிறைப்பதிவு அறையின் வாசலில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அசையாமல் நிற்பார்கள். பேச்சுக் கொடுத்தால் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டுவார்கள்.

காரணம் எளியது. எட்டுப் பேர் மட்டும் போகக்கூடிய ஏறுகலத்தில், ஒவ்வொரு இருக்கைக்கும் உரிய எரிபொருள் முன்பே அளந்து ஊற்றப்பட்டிருக்கும். நிலவிலிருந்து எத்தனை கிலோவாகக் கிளம்பினாரோ, அத்தனை கிலோவாகவே ஒருவர் திரும்பி வர வேண்டும். அரைக் கிலோ வரை கூடலாம். அதற்கு மேல் கூடினால் இருக்கை ரத்து. அடுத்த கலம் ஏப்ரலில்தான். ஆகவே கிளம்பும்போது எவ்வளவு கனமாகப் பதிந்துகொள்கிறோமோ, அந்த அளவுக்கு ஊரில் நிம்மதியாகச் சாப்பிடலாம். இதை யாரும் விதிமீறலாக நினைப்பதில்லை. பதிவு செய்யும் அதிகாரியே தன் முறை வரும்போது மூன்று லிட்டர் குடிப்பார்.

சண்முகக்கனி மட்டும் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டாள். அன்று காலை முழுவதும் அவள் நெல்லறையில் இருந்தாள். அறை என்றால் நான்கு தட்டுகள், ஒரு விளக்கு வரிசை, ஈரக்காற்றுக் குழாய் ஒன்று, அவ்வளவுதான். நான்கு முறை பயிர் பூக்காமலே கருகியிருந்தது. ஐந்தாவது முறை, நூற்றுப் பதினேழாம் நாளில், கதிர் தலை சாய்ந்து மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. ஜனவரி மூன்றாம் தேதி அறுக்கலாம். நிலவில் விளையும் முதல் நெல் அது. குடியிருப்பின் வழக்கப்படி, புதுப் பயிரை யார் அறுக்கிறாரோ அவர் பெயர்தான் அந்த ரகத்துக்கு. கனி வரத் தவறினால், அடுத்த அறையில் பாசி வளர்க்கும் தவமணி அறுப்பார். தவமணி நல்ல மனிதர்தான். ஆனால் நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் நெல்லறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

வெறும் வயிற்றோடு ஓடிப் போய் நின்றதில் கனியின் பதிவு ஐம்பத்தொரு கிலோ நானூறு கிராம். அதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் ஒன்பது நாட்களுக்கு ஒன்பது கட்டங்கள் போட்டாள். ஆறு வருடம் கழித்து ஊருக்குப் போகிறாள். மனசு துள்ளியது. கட்டங்களைப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கியது.

அவள் மணிக்கட்டில் நிறைவளை இருந்தது. பயணிகள் எல்லோருக்கும் மாட்டிவிடும் மெல்லிய வளையம் அது. உடலின் நிறையை நொடிக்கு நொடி அளந்து காட்டும். ஒரே குறை, நிலவில் செய்யப்பட்ட கருவி என்பதால், பூமியின் இழுப்பில் அதன் உணரிகள் தடுமாறும். அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். அணிந்தவரை முன்பே அறிந்த மூன்று பேர் கண்ணால் பார்த்துச் சொல்வதை வளை கேட்டுக்கொள்ளும். அவர்கள் சொல்வதும் உணரி சொல்வதும் முரண்பட்டால், மனிதர் சொல்லே மேல் என்று தன் அளவைத் திருத்திக்கொள்ளும். விண்துறைமுகத்திலும் அதுதான் சட்டம்: தராசோடு தகராறு வந்தால் மூன்று சாட்சிகள். இயந்திரத்தைவிட மனிதக் கண்ணையே நம்ப வேண்டும் என்று பல நாட்டு அறிஞர்கள் கூடிப் போராடி வாங்கிய உரிமை அது. அந்தக் குழுவில் நம் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லை.

கோவில்பட்டியில் வேன் நின்றதும் அம்மா வேலம்மாள்தான் முதலில் ஓடி வந்தாள். மகளின் தோளைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள்.

"என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிட்ட. எலும்ப மட்டும்லா அனுப்பி வச்சிருக்கானுவ."

எதிர்வீட்டு அத்தை பேச்சியம்மாள், முகம் ஒட்டிப் போய்விட்டது என்றாள். தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்திருந்தவர், கனியைப் பள்ளிச் சீருடையில் பார்த்திருக்கிறாராம். அப்போது இருந்ததில் பாதிகூட இல்லை என்று அவரும் சொல்லிவிட்டுக் குழாயைத் திருகினார். மூன்று சாட்சிகள் ஆயிற்று. வளை மெல்ல அதிர்ந்து, நாற்பத்தொன்பது கிலோ எண்ணூறு என்று காட்டியது.

கனி அதை இரண்டு தடவை பார்த்தாள். பயணத்தில் நீர்ச்சத்து குறைந்திருக்கலாம் என்று காரணம் கண்டுபிடித்து நோட்டில் எழுதினாள். பிறகு ஆறு இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டாள். ஏழாவதை அம்மா கேட்காமலே வைத்தாள்.

அடுத்த நாள் முதல் வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது. மொத்தம் இருபத்து மூன்று வீடுகள். ஒன்றை விட்டாலும் அந்த வீட்டார் அடுத்த தலைமுறை வரை சொல்லிக் காட்டுவார்கள். கனி முறையாகப் பட்டியல் போட்டு, தெருவாரியாகப் பிரித்து, காலையில் மூன்று, மாலையில் இரண்டு என்று வைத்துக்கொண்டாள். எந்த வீட்டிலும் கதவு திறந்ததும் வருகிற முதல் வாக்கியம் ஒன்றேதான். மெலிந்துவிட்டாய். வளை அதைக் கேட்டு நூறு கிராம்போல இறங்கும். பிறகு தட்டு வரும். பெரியப்பா வீட்டில் உளுந்தங்களி. மாமா வீட்டில் பொரித்த பரோட்டா. அண்ணன் வீட்டில் மதினி காலை ஆறு மணிக்கே எழுந்து சுட்டு அடுக்கிய அதிரசம். ஒன்றே ஒன்று என்று சொல்லி எல்லோரும் மூன்று வைத்தார்கள்.

இரவு படுக்கும் முன் கனி நோட்டைத் திறந்து கட்டத்தை நிரப்புவாள். நாற்பத்தொன்பது நானூறு. நாற்பத்தெட்டு தொள்ளாயிரம். நாற்பத்தெட்டு இருநூறு. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் குறைகிறது. பூமியின் இழுப்புக்கு உடல் கூடுதலாக உழைக்கிறது, அதனால்தான் என்று ஒரு கொள்கையே வகுத்து, அதற்கு இரண்டு பக்கம் விளக்கமும் எழுதினாள். ஆறாம் நாள் அவளே வாய்விட்டு இன்னொரு பரோட்டா கேட்டாள். மாமா கண் கலங்கி எழுந்துபோய்ச் சுட்டுக்கொண்டு வந்தார்.

ஏழாம் நாள் பேருந்து ஏறித் தூத்துக்குடிக்குப் போனாள். பள்ளித் தோழி பெனிட்டா அங்கே கருவாட்டு மண்டி வைத்திருக்கிறாள். அன்று கிறிஸ்துமஸ். பிரியாணியும் கேக்குமாகப் பகல் போயிற்று. சாப்பிட்டு முடித்து மண்டிக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, பெனிட்டா தோழியை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை அக்குளில் பிடிக்கிறதே என்றாள். கனி பெருமையோடு வளையை நீட்டினாள். நாற்பத்தேழு கிலோ அறுநூறு.

"ஒண்ணு ஒன் வளை பொய் சொல்லுது, இல்லன்னா ஒன் சட்டை பொய் சொல்லுது. நீயே சொல்லுட்டி, எதை நம்ப?"

வளையில் அறிவியல் இருக்கிறது என்றாள் கனி. பெனிட்டா உப்பிட்ட சீலாக் கருவாட்டு மூட்டையைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு, ஏறு என்பதுபோல் கையைக் காட்டினாள். கனி சிரித்துக்கொண்டே ஏறினாள்.

ஐம்பத்துநான்கு கிலோ அறுநூறு.

பெனிட்டா தராசைத் தட்டிப் பார்த்தாள். தான் ஏறிப் பார்த்தாள், சரியாகக் காட்டியது. மறுபடி கனியை ஏற்றினாள். அதே எண். மூன்று கிலோ இருநூறு கூடுதல். கனி மூட்டையின்மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு வாக்கியமாக யோசித்துப் பார்த்தாள். வளைக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டில் மஞ்சளாகிக்கொண்டிருக்கும் கதிர்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு தவமணியும் வந்தார்.

இன்னும் இரண்டு நாள். ஊர் திரும்பியதும் பட்டினி கிடக்க முடிவு செய்தாள். எட்டாம் நாள் காலையில் தட்டைத் தள்ளி வைத்ததும் வேலம்மாள் எழுந்துவிட்டாள். அடுப்படியில் போய் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். என்ன குறை வைத்தோம் என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டாள். பத்து நிமிடத்தில் வீட்டுக்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். சமாதானத்துக்காகக் கனி எட்டு இட்லி சாப்பிட வேண்டியதாயிற்று.

வழியில்லாமல்தான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். தராசு என்ன காட்டினாலும், வளை வேறாகக் காட்டும். தகராறு வரும். சாட்சி கேட்பார்கள். மூன்று கிலோவால் கலம் ஒன்றும் விழுந்துவிடாது. போன வருடம் முடிவெட்டாமல் வந்த ஒருவருக்கு அதைவிட அதிகம் விட்டுக்கொடுத்தார்கள். மூன்று பேர் மெலிந்துவிட்டாள் என்று சொன்னால் போதும். உலகத்திலேயே அவளுக்குக் கிடைப்பதற்கு எளிதான சாட்சி அதுதான்.

கிளம்பும் நாளன்று விண்துறைமுகத்துக்கு வேனில் பதினொரு பேர் வழியனுப்ப வந்தார்கள். அதில் அம்மா, பேச்சியம்மாள், பெனிட்டா மூவரையும் கனி சாட்சிக்குத் தேர்ந்தெடுத்தாள். வழி நெடுக அவர்களுக்குப் பாடம் நடத்தினாள். ஒரே ஒரு வார்த்தை. கேட்டால் அதை மட்டும் சொல்ல வேண்டும். கூட எதுவும் பேசக் கூடாது.

"இதுல படிக்கதுக்கு என்னட்டி இருக்கு?" என்றாள் பேச்சியம்மாள். "ஒம்பது நாளா அதத்தானே சொல்லுதோம்."

நிறைச்சோதனை மேடையில் இருந்தது ஓர் இயந்திர அலுவலர். மரியாதையான குரல், குனிந்து கும்பிடவும் தெரியும். தராசு ஐம்பத்துநான்கு அறுநூறு காட்டியது. வளை நாற்பத்தேழு நூறு காட்டியது. அலுவலர் இரண்டையும் பார்த்துவிட்டு, சற்றும் எரிச்சல்படாமல், சாட்சிகளை அழைத்தது.

மெலிந்துவிட்டாள் என்றாள் வேலம்மாள். மெலிந்துவிட்டாள் என்றாள் பேச்சியம்மாள். பெனிட்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையே சொன்னாள். பயணிகள் கதவின் பச்சை விளக்கு எரிந்தது. கனியின் கால் தரையில் பாவவில்லை. பையைத் தோளில் மாட்டினாள்.

"மிக்க நன்றி" என்றது அலுவலர். "படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தங்கியிருந்த ஒன்பது நாளும் வீட்டார் போதிய உணவு தரவில்லை என்று எழுதிக்கொள்கிறேன். சரிதானே?"

 கனி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வேலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாரு சாப்பாடு போடல?"

வேண்டாம் என்று கனி தலையை ஆட்டினாள். அதை யாரும் பார்க்கவில்லை.

"வரும்போது குச்சியாட்டம் வந்தா ஐயா. இப்ப பாருங்க, கன்னம் எப்படி இருக்குன்னு. எங்கையால ஆக்கிப் போட்டே மூணரைக் கிலோ ஏத்தியிருக்கேன். போதிய உணவு தரலையாம்."

அதைக் கேட்டுப் பேச்சியம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றரையும் அண்ணி வேலம்மாள் ஒருத்தி போட்டதுதானா, தினமும் சாயங்காலம் தன் வீட்டில் தின்ற முறுக்கும் சேவும் எங்கே போயிற்று, அதில் மட்டுமே இரண்டு கிலோ இருக்கும் என்றாள். அலுவலர் குறித்துக்கொண்டது. பெனிட்டாவுக்கு எல்லாம் தெரியும்; அவள்தான் தராசில் ஏற்றியவள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் பேச்சியம்மாள் அவளைக் காட்டி, மிச்சம் மீதி வேண்டுமானால் இவள் வீட்டுக் கேக்கில் ஏறியிருக்கும், கால் கிலோ போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"கால் கிலோவா?" என்றாள் பெனிட்டா. "பிரியாணி மட்டும் நாலு தட்டு சாப்பிட்டா அத்தை. ரெண்டு கிலோ நூறு. எழுதுங்க சார்."

அலுவலர் மூன்றையும் கூட்டியது. ஏழு கிலோ அறுநூறு கூடுதல். மனிதர் சொல்லே மேல் என்பதால் தராசின் அளவை ரத்து செய்வதாகவும், சட்டப்படி கனியின் நிறை இனி ஐம்பத்தொன்பது கிலோ என்றும் அறிவித்தது. வளை உடனே பணிவோடு அதிர்ந்து ஐம்பத்தொன்பது என்று மாறிக்கொண்டது. பச்சை விளக்கு அணைந்தது. அரை மணி நேரத்தில் ஏறுகலம் ஏழு பேரோடு கடலுக்கு மேலே எழும்பிப் போயிற்று. ஜனவரி மூன்றாம் தேதி தவமணி அறுத்தார். ரகத்தின் பெயர் தவமணி ஒன்று. ஆனால் அது பிறகு வந்த செய்தி.

மேடையில் நின்றபடியே அலுவலர் அடுத்த நடைமுறையை விளக்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் கலத்தில் இடம் உண்டு. அதற்குள் இந்த ஏழு கிலோ அறுநூறையும் இறக்கிவிட வேண்டும். தராசு ரத்தாகிவிட்டதால், இறக்கியதற்கும் சாட்சிதான் ஆதாரம். இதே மூவரும் வந்து, எங்கள் வீட்டில் நான்கு மாதம் இருந்து இவள் மெலிந்துவிட்டாள் என்று சொன்னால் போதும்.

கனிக்கு உயிர் வந்தது. நான்கு மாதம் ஒன்றும் பெரிதல்ல. ஆறாம் முறை விதைக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள். ஏப்ரலில் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாயா என்று கெஞ்சிக் கேட்டாள்.

வேலம்மாள் மகளை அதிர்ச்சியோடு பார்த்தாள்.

"எங்க வீட்ல நாலு மாசம் இருந்துட்டு மெலிஞ்சு போயிட்டான்னு, பெத்தவ என் வாயாலயா சொல்லச் சொல்லுத?"

அலுவலர் அதையும் குறித்துக்கொண்டது.