கடலுக்குள் கேட்ட மணி

சிராங்கூன் சாலையில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் அப்துல் ஹமீதுக்கு உலகத்தில் எல்லாப் பொருளும் சூட்கேஸ்தான். தட்டிப் பார்ப்பார், அமுக்கிப் பார்ப்பார். வளைந்தால் மட்டம், வளையாவிட்டால் உசத்தி.

தூண்டில் வாங்கப் போன கடையிலும் அப்படித்தான். ஒவ்வொரு கோலாகத் தரையில் ஊன்றி அமுக்கினார். கரையிலிருந்து வெகுதூரம் வீசுவதற்கென்றே செய்த நீளமான கோல் ஒன்று மட்டும் கொஞ்சமும் அசைந்து கொடுக்கவில்லை.

"இதுதான் சரக்கு!" என்றார்.

"அங்கிள், இதுக்குப் பெரிய ஈயக்குண்டு வேணும் லா. சின்னதைப் போட்டா கோல் வளையாது, தூரமும் போகாது," என்றார் கடையில் விற்பனை பார்த்த ரஞ்சிதம்.

"வளையக் கூடாதுன்னுதானேம்மா இதை வாங்குறேன்!"

அப்துல் ஹமீதும் கடைக்காரர் அல்லவா? ஏதோ ஒன்றைக் கூடுதலாகத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவருடைய மகள் அஃப்னாதான் கெஞ்சிக் கூத்தாடி, பெரிய ஈயக்குண்டு ஒன்றை வாங்க வைத்தாள். மணலைக் கவ்விப் பிடிக்க அதில் நான்கு கம்பிக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத வேளையில் மூன்று பேர் சாங்கி கடற்கரையில் நின்றார்கள். அத்தா ஹமீது, பதினொரு வயது மகள் அஃப்னா, அவளுடைய தம்பி உமைர். கடல் தாண்டி எங்கோ எரியும் காட்டுத் தீயால் எங்கும் ஒரே புகைமூட்டம். எதிரே இருக்க வேண்டிய உபின் தீவைக் காணோம். தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. அதையும் காணோம்.

அத்தா சின்ன ஈயத்தைக் கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினார். அது காலடியிலேயே பொத்தென்று விழுந்தது. மறுபடியும் வீசினார். இந்தத் தடவை உமைரின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"அத்தா, மீன் தண்ணியிலதான் இருக்கும்," என்றான் உமைர்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

கிணிங்.

மீன் கடித்தால் தெரிவதற்காகக் கோலின் நுனியில் மாட்டுவார்களே, அந்தச் சின்ன மணியின் சத்தம். ஆனால் இவர்களிடம் மணி கிடையாது. கரையில் வேறு யாரும் இல்லை. சத்தம் கடலுக்குள்ளிருந்து வந்தது.

புகை லேசாக விலகியது. தண்ணீர்மேல் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். சாம்பல் நிறம், ஒல்லியான உடம்பு, நீண்ட கழுத்து. அந்த உருவம் மெல்லக் குனிந்தது. கிணிங். பிறகு நிமிர்ந்தது.

உமைர் அக்காவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அது நம்மளைக் கூப்பிடுது!"

அத்தா வாய்க்குள் ஏதோ ஓதினார். "பையை எடுங்க. வீட்டுக்குப் போயிடுவோம்."

அஃப்னாவுக்கும் பயம்தான். ஆனாலும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உருவம் இரண்டு பக்கமும் எதையோ விரித்து மேலே எழும்பப் பார்த்தது. எதுவோ அதைக் கீழே இழுத்தது. இழுக்கும்போதெல்லாம் மணி ஒலித்தது. கூடவே தொண்டை கட்டியதுபோல் ஒரு கரகரத்த கத்தல்.

"அத்தா, அது கூப்பிடல. அதால போக முடியல," என்றாள் அஃப்னா. "நாரை! மிதக்குற கிளைமேல நிக்குது. கால்ல நூல் சிக்கியிருக்கு!"

ஆமாம், நாரைதான். யாரோ பறிகொடுத்த தூண்டிலின் உடைந்த நுனி, மணியோடு அந்தக் கிளையில் மாட்டியிருந்தது. கடல் உள்வாங்கிக்கொண்டிருந்ததால் கிளை ஆழத்துக்கு நகர்ந்துகொண்டே போனது. புகை மறுபடி மூடிவிட்டால் அவ்வளவுதான், பறவையைத் தேடக்கூட முடியாது.

"நீந்திப் போக முடியாதும்மா. இழுப்பு அதிகம்," என்றார் அத்தா.

அஃப்னா கத்தரிக்கோலை எடுத்து நூலிலிருந்த தூண்டில் முள்ளை வெட்டி எறிந்தாள்.

"முள்ளை ஏன் வெட்டுறே?"

"ஈயத்தால கிளையை இழுக்கப் போறேன். முள் இருந்தா நாரை உடம்புல குத்திடும் அத்தா."

ரஞ்சிதம் சொன்னது நினைவுக்கு வர, கம்பிக் கால் வைத்த பெரிய ஈயத்தைக் கட்டினாள். நூலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு கோலைத் தோளுக்குப் பின்னால் சாய்த்தாள். மேல் கையால் தள்ளி, கீழ்க் கையை நெஞ்சுப் பக்கம் இழுத்தாள். அந்த முரட்டுக் கோல் முதல் தடவையாக வளைந்தது. விரலை விட்டாள்.

நூல் வீல் என்று கத்திக்கொண்டு புகைக்குள் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு தொப் சத்தம் கேட்டது. பறவைக்கு அப்பால், அதன்மேல் படாமல் ஒதுங்கி விழுந்திருந்தது. மெதுவாகச் சுற்றினாள். ஈயம் வெறுமனே திரும்பி வந்தது.

"இன்னொரு தடவை வீசு," என்றார் அத்தா. அவர் ஓதுவதை நிறுத்தியிருந்தார்.

இரண்டாவது தடவை கம்பிக் கால்கள் எதையோ கவ்வின. கை கனத்தது. அஃப்னா ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தபடி சுற்றினாள். கிணிங், கிணிங், கிணிங். மணிச் சத்தம் அவர்களை நோக்கியே வந்தது. உமைர் காதைப் பொத்திக்கொண்டான்.

"கொத்தும் அத்தா! துண்டால தலையை மூடுங்க!" என்றாள் அஃப்னா.

அத்தா முழங்கால் தண்ணீரில் இறங்கி நாரையின் தலையில் துண்டைப் போட்டு அணைத்துக்கொண்டார். அதன் உடம்பு நடுங்கியது. காலைச் சுற்றியிருந்த நூலை அஃப்னா கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள்.

துண்டை எடுத்ததும் நாரை பறக்கவில்லை. தள்ளாடிக்கொண்டு மணலில் நின்றது. அஃப்னா இரைக்கு வாங்கி வந்த இறாலை எல்லாம் அதன் முன்னால் கொட்டிவிட்டுப் பின்வாங்கினாள். நாரை மூவரையும் ஒரு பார்வை பார்த்தது. ஒரு இறாலை விழுங்கியது. அப்புறம் ஒன்று, இன்னும் ஒன்று. கடைசி இறாலும் தீர்ந்ததும் அகலமான சிறகை விரித்து எழும்பிப் புகைக்குள் போய்விட்டது.

"எல்லா இறாலையும் குடுத்துட்டியே!" உமைர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "இனிமே எதை வச்சு மீன் பிடிக்கிறது?"

அத்தா ஈரமான கால்சட்டையைப் பிழிந்தார். "அதான் இவ்வளவு பெரிசாப் பிடிச்சாச்சே லா. வாங்க, பசியாறப் போவோம்."

நாரை பசியாறிவிட்டது. அடுத்தது அவர்கள் முறை.